கயிறு பிடித்த கை

மன்னார்ப் பட்டினத்தில் மீன் சந்தைக்கு எதிரே ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் காலையில் அங்கே உட்கார்ந்து பத்திரிகையை உரத்து வாசிப்பார். வாசிக்கத் தெரிந்தவர்களும் அவர் வாயால்தான் செய்தி கேட்பார்கள், ஏனென்றால் நடுநடுவே நிறுத்தித் துரைமாருக்கும் புத்தி சொல்வார். ஒருநாள் நான் போயிருந்தபோது, இந்தியாவின் வடக்கே பனிமலையில் ஏறப் போன வெள்ளைக்காரர்களைப் பற்றி வாசித்தார். உச்சிக்கென்று போன மூன்று பேர் திரும்பவில்லை. கீழே கூடாரம் போட்டிருந்தவர்கள் சில நாள் பார்த்தார்கள். தேட இன்னும் ஆட்களை அனுப்பினால் அவர்களும் போய்விடுவார்கள் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். எல்லோரும் இறங்கி வந்துவிட்டார்கள். போனவர்கள் அங்கேயே பனிக்குள் கிடக்கிறார்கள்.

கடையில் இருந்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. கூடப் போனவனை விட்டுவிட்டு வருகிறவன் மனிதனா என்றார் ஒருவர். "பிரேதத்தையாவது கொண்டு வந்திருக்கலாம். பெத்த தாய்க்குக் காட்ட வேண்டாமோ?" என்றார் இன்னொருவர். வாசலில் ஒரு கழுதை கடைக்குள் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. அதுகூட ஏதோ சொல்லப்போகிறது போலத்தான் எனக்கு இருந்தது.

நான் கிளாசைக் கீழே வைத்தேன். "போய்க் கொண்டு வாங்கோவன்," என்றேன். "ஆர் இறங்கிறது, ஆர் கயிறு பிடிக்கிறது எண்டதையும் இங்கையே பேசி முடிச்சுப் போட்டுப் போங்கோ."

எனக்கு முன்கோபம் அதிகம் என்பது பட்டினம் அறிந்த விஷயம். பாதித் தேத்தண்ணியை விட்டுவிட்டு எழுந்து ஊரை நோக்கி நடக்கத் தொடங்கினேன். மன்னார்த் தீவின் தென்கரையில் உள்ள எங்கள் ஊருக்கு நல்ல நடை தூரம். வழி முழுக்க அந்த மூன்று பேரும், இறங்கி வந்த தலைவரும் என்னோடு நடந்து வந்தார்கள். பதினொரு வருஷமாக நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை அன்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். அதை எழுதத்தான் இத்தனை முன்னுரை.

எங்கள் ஊரில் வலைக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம், குளிக்கிறவர்கள் ஒரு பக்கம். குளிக்கிறது என்றால் சங்குக்காகக் கடலடிக்கு இறங்குவது. அரசாங்கம் முத்துக்குளிப்பு வைத்த வருஷங்களில் சிலாபத்துறைப் பக்கம் போவோம். மற்றக் காலமெல்லாம் சங்குதான். சுழியோடி ஒரு கல்லில் காலை வைத்துக்கொண்டு இறங்குவான். கல்லைக் கயிற்றால் மேலே இழுத்துக்கொள்வோம். இன்னொரு கயிற்றில் வலைப்பை கட்டி அவன் கையில் இருக்கும். மூச்சு முடியும்போது அவன் அந்தக் கயிற்றை ஒரு இழுவை இழுப்பான். வள்ளத்தில் இருக்கிறவன் அவனையும் பையையும் சேர்த்துத் தூக்க வேண்டும்.

அந்த இரண்டாவது கயிற்றை எல்லார் கையிலும் கொடுக்க மாட்டார்கள். பெண்சாதியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். சுழியோடியின் சொந்தச் சகோதரன்கூடப் பிடிக்கக் கூடாது. அண்ணன் செத்தால் தம்பிக்குக் காணி வரும், வள்ளம் வரும், ஆனால் மச்சான் செத்தால் எவனுக்கும் தங்கச்சியின் கண்ணீர்தான் வரும் என்று அதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணின் நிறத்தைக் கேட்பதற்கு முன்னால் அவளுக்கு ஆண் சகோதரம் உண்டா என்று கேட்பார்கள். என் அக்காவுக்கு ஒரு சுழியோடி மாப்பிள்ளையாக வந்ததற்கு நானும் ஒரு காரணம். அதைச் சொல்லி அவளைச் சீண்டுவேன். "உன்ர மூஞ்சிக்கு இல்லை, என்ர கைக்குத்தான் அத்தான் வந்தவர்" என்பேன். அகப்பையை எறிவாள்.

மணிக்கூடு எங்களிடம் இல்லை. மூச்சை மந்திரத்தால் அளந்தோம். மாதாவுக்குச் சொல்கிற மரியாயே மந்திரத்தை வாய்க்குள் ஒரே வேகத்தில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அத்தானின் மூச்சு ஐந்து மந்திரம். அடுத்த வீட்டுச் சுழியோடி ஒருவன் இருந்தான், எங்கள் வள்ளம்தான், அவனுக்கு ஆறு. ஐந்து முடியும்வரை இழுவை வந்தால் மட்டும் தூக்கு, ஐந்து முடிந்தால் இழுவை வராவிட்டாலும் தூக்கு. இவ்வளவுதான் எனக்குச் சட்டம்.

தென்மேற்கிலிருந்து வருகிற சோளகக் காற்றுத் தொடங்கினால் தென்கடலில் குளிப்பு இல்லை. அந்த வருஷம் சோளகத்துக்குச் சில நாள்தான் இருந்தது. இருக்கிற நாளுக்குள் அள்ளிவிட வேண்டும் என்று எல்லோரும் வழக்கத்தைவிட ஆழமான பாருக்குப் போனோம். பார் என்பது கடலடிக் கல்மேடு. வழக்கமாக எட்டுப் பாகத்தில், அதாவது எட்டு ஆள் கைவிரித்த ஆழத்தில், குளிப்பவர்கள் அங்கே பன்னிரண்டு பாகம் இறங்க வேண்டியிருந்தது.

முதல் நாள் நாலாவது மந்திரத்தில் கயிறு இலேசாக அசைந்தது. நான் பயந்து தூக்கிவிட்டேன். அத்தான் வெறும் பையோடு மேலே வந்தார். மனிதர் நல்லவர், ஆனால் மூச்சைப் பற்றிய விஷயத்தில் பெருமை பிடித்தவர். "கயித்தில மீன் முட்டினாலும் தூக்குவியோ? என்ர மூச்சு எனக்குத் தெரியும். உனக்குப் பயமெண்டா வீட்டில இருந்து கருவாடு காயப்போடு," என்றார். வள்ளத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது.

மறுநாள் அதே இடம். நாலாவது மந்திரத்தில் கயிறு அதே மாதிரி அசைந்தது. இழுவை இல்லை, அசைவு. எனக்கு நேற்றையச் சிரிப்பு காதில் கேட்டது. ஐந்தாவது மந்திரத்தைத் தொடங்கினேன். எப்போதும் சொல்கிற வேகத்தில், ஒரு சொல் விடாமல், ஆமென் வரைக்கும் சொன்னேன். பிறகு தூக்கினேன். கயிறு பாரமில்லாமல் வந்தது. பையில் மூன்று சங்கு இருந்தது. அத்தான் இல்லை.

அடுத்த வீட்டுக்காரன் உடனே பாய்ந்தான். மூன்று முறை இறங்கினான். பக்கத்தில் முசலிக் கரையிலிருந்து வந்த முஸ்லிம் ஆட்களின் வள்ளம் இரண்டு நின்றது. அவர்களும் தங்கள் வேலையைப் போட்டுவிட்டு இறங்கினார்கள். மூன்றாவது முறை வந்தபோது அடுத்த வீட்டுக்காரனுக்கு மூக்கால் இரத்தம் வந்தது. "இருக்கிறார். கால் கல்லுவெடிப்புக்குள்ள சிக்கிப்போச்சு. எடுக்க எனக்கு மூச்சுக் காணேல்ல," என்றான். பிறகு என்னைப் பார்க்காமல், "முடிஞ்சுது," என்றான். நீரோட்டம் திரும்பிவிட்டது. இதற்கு மேல் யாரும் இறங்க முடியாது என்று வள்ளத் தலைவரான தண்டையல் சொன்னார்.

முசலி வள்ளத்தில் இருந்த பெரியவர் ஒருவர் தன் வள்ளத்தை எங்களுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். "கடல்ல மவுத்தானவருக்கு எங்கட மார்க்கத்தில பெரிய பதவி தம்பி. இருக்கிற இடத்திலயே விடுங்கோ," என்றார். ஆறுதலுக்குச் சொன்னார். எனக்கு அவர் முகத்தில் அடிக்க வேண்டும் போல இருந்தது.

வீட்டில் அக்கா அழவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வாசலில் நின்று, "நீ தானே பிடிச்சனி. எங்க அவர்?" என்று கேட்டாள். பாரில் இருக்கிறார் என்றேன். "இருக்கிறார் எண்டா கொண்டு வா," என்றாள்.

நானாட்டானிலிருந்து அத்தானின் பகுதிச் சொந்தக்காரர் அரிசி மூட்டையோடு வந்து இறங்கினார்கள். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் பிரேதத்தைத் தேடினார்கள். கடல் தெரியாத வயல்காரர்கள். "ஆள் கிடக்கிற இடம் தெரிஞ்சும் எடுக்காமல் இருக்கிறியளோ?" என்று மாமன் முறையான ஒருவர் எல்லார் முன்னாலும் கேட்டார். பன்னிரண்டு பாகம் என்றால் என்ன என்று அவருக்கு எப்படிச் சொல்வது? அவருடைய ஊரில் குளத்துக்குள் மாடு விழுந்தால் நாலு பேர் கயிறு போட்டு எடுத்துவிடுவார்கள்.

பின்னேரம் பெண்கள் கூடிச் செபமாலை சொன்னார்கள். நான் ஒரு மூலையில் இருந்தேன். ஐந்தாவது மரியாயே மந்திரம் வந்தபோது என் வலது கை தானாகவே இழுத்தது. வெறும் காற்றை இழுத்தது. அடுத்த ஐந்தில் மறுபடியும். அக்கா பார்த்துவிட்டாள். "என்னடா கை?" என்று கேட்டாள். கயிறு உரசின புண் என்றேன்.

கோயில் சுவாமியார் வந்தார். பிரெஞ்சுக்காரர், ஆனால் எங்களைவிட நல்ல தமிழ் பேசுவார். ஆத்துமத்துக்குப் பூசை வைக்கலாம், கடலில் கிடக்கிற சரீரத்தையும் கடவுள் எழுப்புவார் என்றார். உயிரோடு இருக்கிறவனைச் செத்தவனுக்காக அனுப்ப மட்டும் தன்னிடம் ஆசீர் கேட்க வேண்டாம் என்றும் சொன்னார். அக்கா அவரிடம் மரியாதை குறையாமல், "சாமி, உங்களுக்குச் சேமக்காலையில இடம் இருக்கு. நான் திருநாளுக்கு மெழுகுதிரி எங்க கொளுத்திறது?" என்று கேட்டாள். சேமக்காலை எங்கள் ஊரில் கல்லறைத் தோட்டத்துக்குச் சொல்கிற பெயர். சுவாமியார் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். அக்காவுக்கு அந்த ஆழத்தைப் பற்றியோ யாரால் முடியும் என்பது பற்றியோ ஒன்றும் தெரியாது. அடுத்த வீட்டுக்காரனுக்கு ஆறு மந்திர மூச்சு, அவன் ஒருவன்தான் இடத்தையும் கண்டவன், இரண்டு நாளில் காற்று மாறிவிடும் என்று அவளிடம் சொன்னவன் நான். அவளுக்காகச் சொன்னேன் என்றுதான் அப்போது நினைத்தேன். உண்மையில் எனக்காகவும் சொன்னேன். அத்தானை மேலே கொண்டுவந்து கிடத்திவிட்டால் நான் தூக்காமல் கடத்திய அந்த ஒரு மந்திரம் எப்படியோ நேராகிவிடும் என்று ஒரு விசர் நினைப்பு.

அக்கா மறுநாள் காலை அடுத்த வீட்டு முற்றத்தில் போய் உட்கார்ந்தாள். கேட்கவில்லை, அழவில்லை, ஒரு வாய் தண்ணீரும் குடிக்கவில்லை. வெயில் ஏறியது. உட்கார்ந்தபடியே இருந்தாள்.

அவன் கலியாணம் முடித்து ஒரு வருஷம். பெண்சாதிக்கு எட்டு மாதம். அந்தப் பெண் முதலில் பனையோலைப் பாயைக் கொண்டுவந்து போட்டாள். பிறகு கஞ்சி கொண்டுவந்தாள். கடைசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்காவுக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்தாள். "அக்கா, உங்களுக்கு நடந்ததை எனக்கும் கேக்கிறியளோ?" என்றாள். அக்கா அவளைப் பார்த்தாள், ஆனால் எழும்பவில்லை. யார் பக்கம் நியாயம் என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. இரண்டு பேர் பக்கமும் உண்மை இருந்தது.

அவனுக்குக் கயிறு பிடிக்கிறவன் பெண்சாதியின் அண்ணன். நிதானமான மனிதன். அவன் வேலிக்கு வெளியே என்னைக் கூப்பிட்டான். "சங்குக்குப் பிடிப்பன், முத்துக்குப் பிடிப்பன். பிரேதத்துக்குப் பிடிக்க மாட்டன். செத்தவர் உன்ர அத்தான். சாகப் போறவன் என்ர மச்சான். கொக்காவைக் கூட்டிக்கொண்டு போ," என்றான். அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நான் அக்காவைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். கையைப் பிடித்துத் தூக்கினால் வந்திருப்பாள், அவ்வளவு களைத்துப்போயிருந்தாள். நான் தூக்கவில்லை.

மத்தியானம் கழிந்தபோது அடுத்த வீட்டுக்காரன் வெளியே வந்தான். பெண்சாதி உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. அவன் நேராக என்னிடம் வந்தான். "அவன் பிடிக்க மாட்டானாம். நீ பிடி மச்சான்," என்றான். மற்ற ஊர்களில் கண்டவனையெல்லாம் மச்சான் என்பார்கள். குளிக்கிற ஆட்கள் தங்களுக்குக் கயிறு பிடிக்கிறவனை மட்டும்தான் அப்படிச் சொல்வார்கள். ஆனாலும் ஓம் என்றேன்.

அடுத்த நாள் விடிந்ததும் போனோம். தண்டையலும் நானும் அவனும், தண்டு வலிக்க இரண்டு பேரும். அவனுடைய கல்லைப் பெண்சாதி ஒளித்துவிட்டாள். அதனால் அத்தானின் கல்லைத்தான் கொண்டுபோனோம். வள்ளத்தில் வேறு கல் இல்லை. தெற்கே தூரத்தில் வெள்ளை நுரை தெரியத் தொடங்கியிருந்தது. அவன் இடுப்பில் நான் கயிற்றைக் கட்டினேன். இன்னொரு கயிற்றை அவன் கையில் கொடுத்தோம், அத்தானின் தோளுக்குக் கீழே விட்டு முடிச்சுப் போட. முடிச்சுப் போட்டால் இரண்டு இழுவை, தன்னைத் தூக்க வேண்டுமென்றால் ஒரு இழுவை. சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினான்.

முதல் மந்திரம். இரண்டாவது. மூன்றாவது நடுவில் கயிறு அசைந்தது. இழுவை இல்லை. அதே அசைவு. அன்றைக்கு என் கைக்கு வந்த அதே அசைவு.

நான் தூக்கினேன். கத்திக்கொண்டு தூக்கினேன். மற்றவர்கள் என்னவென்று கேட்பதற்குள் பாதிக் கயிறு வள்ளத்துக்குள் வந்துவிட்டது. அவன் மேலே வந்து விளிம்பைப் பிடித்தான். மூக்கிலும் ஒரு காதிலும் இரத்தம். மூச்சு வந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "ஏன் இழுத்தனி?" என்பது.

"கயிறு அசைஞ்சுது."

"அசையத்தானே செய்யும். நான் அவரைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். தோளுக்குக் கீழ கயிறு விட்டிட்டன். ஒரு முடிச்சு, ஒரேயொரு முடிச்சுத்தான் பாக்கி." அவன் விக்கி விக்கி அழுதான். "கையைப் பிடிச்சிருந்தனான். என்ர கையுக்குள்ள இருந்தவர்."

கொஞ்ச நேரம் விளிம்பைப் பிடித்தபடியே கிடந்தான். பிறகு, "கல்லைத் தா. இப்ப வழி தெரியும். இன்னொருக்கால் போறன்," என்றான். காதிலிருந்து இரத்தம் கழுத்து வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. தண்டையல் என் முகத்தைப் பார்த்தார். செத்தவருக்கு நெருங்கிய ஆள் அந்த வள்ளத்தில் நான்தான். போ என்றால் போவான், போகாதே என்றாலும் அவன் போவான் என்று எனக்குத் தெரிந்தது. முற்றத்தில் அக்கா உட்கார்ந்திருந்த இருப்பு அவனை விடாது.

அத்தானின் கல்லைத் தூக்கி, கயிற்றிலிருந்து அவிழ்த்து, கடலுக்குள் விட்டேன். கொஞ்ச ஆழம் வரை வெள்ளையாகத் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. நேரே அவரிடம்தான் போயிருக்கும். கல்லில்லாமல் யாரும் பன்னிரண்டு பாகம் இறங்க முடியாது. அவன் என்னை வாயில் வந்தபடி ஏசினான். நான் அவனைப் பிடித்து வள்ளத்துக்குள் இழுத்துப் போட்டேன்.

திரும்பி வரும்போது நான் மற்றவர்களிடம் ஒன்று கேட்டேன். அங்கே ஆள் இல்லை என்று சொல்லுவோம் என்றேன். இருக்கிறார் என்று தெரிந்தால் சோளகம் முடிந்ததும் அக்கா மறுபடியும் போய் அந்த முற்றத்தில் உட்காருவாள், இவன் மறுபடியும் இறங்குவான் என்று காரணம் சொன்னேன். நல்ல காரணம்தான். தண்டையலும் ஓம் என்றார். அதற்குள் இன்னொரு காரணமும் ஒளிந்திருந்தது. ஆள் இல்லை என்றால் கயிற்றைப் பற்றி அக்கா என்னிடம் ஒன்றும் கேட்க மாட்டாள்.

நான்தான் போய்ச் சொன்னேன். நீரோட்டம் எடுத்துவிட்டது, பாரில் ஆள் இல்லை என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னாள்.

"அப்ப கரைக்கு வருவார்."

அடுத்த நாள் விடியவே கரைக்குப் போனாள். அதற்கு அடுத்த நாளும். பதினொரு வருஷம் போனாள். மழையிலும் காற்றிலும், காய்ச்சல் நாளிலும், கோயில் பெருநாளன்றும் போனாள். ஊர்க்கரையில் தொடங்கி, வள்ளங்கள் ஏற்றிவைத்திருக்கிற இடத்தைத் தாண்டி, தாழம்பற்றை வரை போய்த் திரும்புவாள். கரையில் ஒதுங்கியதையெல்லாம் காலால் புரட்டிப் பார்ப்பாள். பலகை, செத்த ஆமை, அறுந்த வலை. கறுப்பு உடுத்தவில்லை, தாலியைக் கழற்றவில்லை. பிரேதம் காணாமல் எப்படிக் கழற்றுவது என்று கேட்பாள். ஊரில் சிலர் அவளுக்கு மூளை பிசகிவிட்டது என்றார்கள். அவளுக்கு ஒரு பிசகும் இல்லை. நான் சொன்னதை நம்பினாள், அவ்வளவுதான். பன்னிரண்டு பாகத்துக்குக் கீழே கிடக்கிறவரை அவள் கணுக்கால் தண்ணீரில் தேடிக்கொண்டிருந்தாள்.

ஒரு வருஷம் யாரோ ஒரு மனிதன் கரை ஒதுங்கினான். இந்தியப் பக்கத்து ஆளாக இருக்கலாம். அக்காதான் முதலில் கண்டாள். ஓடிப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் இல்லை என்று தெரிந்த பிறகும் எழும்பவில்லை. சுவாமியாரிடம் கெஞ்சி அவனைச் சேமக்காலையில் அடக்கம் செய்வித்தாள். அதற்குப் பிறகு ஆத்துமாக்களின் திருநாளன்று ஊர்ச் சனமெல்லாம் தங்கள் தங்கள் கல்லறைக்குப் போகும்போது அவள் அந்தப் பேர் தெரியாத மனிதனுக்கு மெழுகுதிரி கொளுத்துவாள். நான் தள்ளி நின்று பார்ப்பேன். ஒவ்வொரு வருஷமும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். சொல்லவில்லை. அவளைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

அடுத்த வீட்டுக்காரனுக்கு அந்த மாதமே பெண்பிள்ளை பிறந்தது. அவனுக்கு ஒரு காது போய்விட்டது. அதற்குப் பிறகு அவன் குளிக்கவில்லை, முற்றத்தில் இருந்து வலை பழுதுபார்க்கிற வேலைதான். அக்கா தெருவில் வந்தால் எழுந்து வீட்டின் பின்பக்கம் போய்விடுவான். அவனுக்குப் பொய் சொல்லி வாழத் தெரியாது. அதை அவன் தலையில் கட்டியவன் நான்.

அன்று தேத்தண்ணிக் கடையிலிருந்து வந்தபோது அக்கா பாயில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் குந்தினேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். முதல் நாள் அத்தான் ஏசியது, வள்ளத்தில் சிரித்தது, நாலாவது மந்திரத்தில் கயிறு அசைந்தது, நான் ஐந்தாவதை ஆமென் வரைக்கும் சொன்னது. பிறகு இரண்டாவது முறை தூக்கியது, ஒரு முடிச்சு பாக்கியிருந்தது, கல்லை விட்டது, பொய் சொன்னது. சொல்லும்போது அவள் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டேயிருந்தாள். சொல்லி முடித்த பிறகும் இரண்டு வரிசை திருப்பினாள்.

"கால் மட்டும்தானோ சிக்கினது?" என்று கேட்டாள்.

"ஓம்."

"அவன் தொட்டவனோ அவரை?"

"கையைப் பிடிச்சிருந்தவனாம்."

மீனை வைத்துவிட்டு எழுந்தாள். "அவனை வரச் சொல்லு," என்றாள்.

நான் போனேன். வலையோடு இருந்தான். கேட்கிற காதின் பக்கம் போய் நின்று, சொல்லிவிட்டேன் என்றேன். அவன் பெண்சாதி வாசலுக்கு வந்தாள். பதினொரு வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே பார்வை. "இன்னும் என்ன வேணுமாம்?" என்று கேட்டாள். அவன் ஊசியை வலையில் குத்திவிட்டு எழுந்து வந்தான். அவளும் பின்னாலேயே வந்தாள்.

அக்கா அதற்குள் கையைக் கழுவிச் சேலையில் துடைத்திருந்தாள். அவன் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "எந்தக் கை தம்பி?" என்று கேட்டாள். அவன் வலது கையை நீட்டினான். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கினாள். திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு அதைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். பதினொரு வருஷத்தில் அவள் அழுது நான் கேட்டதில்லை. அவன் கையை இழுக்காமல் நின்றான். அவனுடைய பெண்சாதி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்து அக்காவின் முதுகில் கையை வைத்தாள்.

நான் உள்ளே போய் அவனுக்கு இருக்க ஒரு கதிரை எடுத்து வந்தேன். என்ன செய்வது என்று தெரியவில்லை, அதனால் கதிரை எடுத்தேன்.

அடுத்த நாள் அக்கா கரைக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கறுப்புச் சேலை உடுத்து, கழுத்தில் ஒன்றும் இல்லாமல் கோயிலுக்கு வந்தாள். அத்தானுடைய ஆத்துமத்துக்குப் பூசை வைத்தார்கள். பூசை முடிய எங்கள் வீட்டில் செபமாலை சொன்னார்கள், செத்த வீட்டில் சொல்வதுபோல. அடுத்த வீட்டுக்காரனும் பெண்சாதியும் பிள்ளையும் வந்திருந்தார்கள். நான் பழைய மூலையில் இருந்தேன். அக்கா எனக்கு எதிரே இருந்தாள். சொல்லிவிட்டேனே, இனி இருக்காது என்று நினைத்தேன். ஐந்தாவது மந்திரம் வந்தது. என் வலது கை வெறும் காற்றை இழுத்தது. அக்கா அதைப் பார்த்தாள்.

இந்த முறை என்ன கை என்று அவள் கேட்கவில்லை.